ஏற்றத்துக்கு முன் இறக்கம்: பழைய லேண்ட் ரோவரை வீட்டிலேயே பராமரித்தல்

மண்சரிவினால் லயன் அறைகளை இழந்து, டிக்கோயாவுக்கு மேலே ஒரு சரிவில் தற்காலிகமாகக் குடியேறியிருக்கும் ஐந்து குடும்பங்கள், தமது சேமிப்பை ஒன்று சேர்த்து ஒரு பழைய லேண்ட் ரோவரை வாங்கியிருக்கின்றன. கோவாவையும் லீக்ஸையும் மூட்டை கட்டிப் பிரதான வீதிவரை கொண்டுவர அவர்களுக்கு வேறு வழியில்லை. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை வைத்தியசாலைக்கு இறக்கிச் செல்வதும் அதே வண்டிதான்.

அண்மையில் நாம் அங்கு சென்றிருந்தபோது, வண்டியை ஓட்டும் இளைஞர் எம்மிடம் கேட்டார்: "சுவாமி, மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. ஜப்பான் எஞ்சின் ஒன்னு போட்டா நல்லா ஏறும்தானே?"

"அது இருக்கட்டும் தம்பி, பள்ளத்துல எப்படி நிக்குது?" என்று நாம் திருப்பிக் கேட்டோம்.

"ரெண்டு மூனு தரம் பெடலை அடிச்சா நின்னுரும் சுவாமி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அந்தப் பதிலே.

வண்டியின் வரலாறு

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் திகதி நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தகடு தட்டுப்பாடாக இருந்ததால், மேற்கூடு அலுமினியக் கலவையினால் செய்யப்பட்டது. அடியில் உள்ள செசி உருக்கு. எமது நாட்டில் இவ்வண்டி தோட்டத் துரைமாரின் வண்டியாகவே அறிமுகமாயிற்று. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இந்த மாற்றங்களுக்கிடையே துரை ஏறிய வண்டிகள் பல கைமாறி, இன்று தொழிலாளியின் பிள்ளைகளது கையிலும் இருக்கின்றன.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஜீப் வண்டி அப்படியல்ல. ஓடும்வரைதான் அது பொன். நின்றுவிட்டால் பழைய இரும்பு.

எஞ்சின் இழுக்காதது ஏன்?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எஞ்சினின் வலுவும் குறையும். கொழும்பில் நன்றாக இழுத்த வண்டி இங்கே சோர்ந்துபோவது அதனால்தான். எனவே எஞ்சினைக் குறை சொல்லுமுன் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

காற்று வடிகட்டியின் அடியில் உள்ள ஒயில் சேறாகியிருந்தால் கழுவிப் புது ஒயில் விடுங்கள். பிளக்கின் முனை கரி பிடித்துக் கறுத்திருந்தால், பெற்றோல் அளவுக்கு மிஞ்சிச் செல்கிறது என்பது பொருள். காபரேற்றரைச் சரிசெய்விக்க வேண்டும். இங்கு பெரிதும் காணப்படும் 2.25 லீற்றர் எஞ்சினின் வால்வு இடைவெளி 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. அதை அளக்கும் தகட்டைக் கொண்டு, கராஜ் பாஸ் ஒருவரிடம் ஒருமுறை பழகினால் அடுத்த முறை நீங்களே செய்துகொள்ளலாம்.

நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சின் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மேட்டில் வண்டி கொதிக்கும். பலர் இதற்காக ரேடியேற்றரையே மாற்றுகிறார்கள். முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது அதைத் திறக்க வேண்டாம்.

வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலம் நினைவிருக்கும். சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். அது வேறு வழியற்ற காலத்தின் கெட்டித்தனம். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு இறங்கி, அடியில் உள்ள எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். பெற்றோல் கிடைக்கும் காலத்தில் அந்த வழக்கத்தைத் தொடர வேண்டாம்.

முதல் செலவு பிரேக்குக்கே

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்கள் வந்த பஸ் வண்டியும் ஒரு வேனும் முச்சக்கரவண்டியும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். மலைவீதியின் இறக்கத்தில் ஒரு கணம் எவ்வளவு பெரியது என்பதை அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்குமுன் பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் பேசும் மொழி எளிது.

முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டாம் மிதியில் உயர்ந்து இறுகினால், பெரும்பாலும் பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. சக்கரத்தின் பின்தட்டுக்கு வெளியே தெரியும் போல்ட்டைத் திருப்பிச் சக்கரம் இறுகும்வரை கொண்டுசென்று, பின்னர் அது தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்த வேண்டும்.

மிதிக்கும்போது பஞ்சுபோல் இருந்தால் குழாயினுள் காற்றுப் புகுந்துள்ளது. அதை வெளியேற்ற வேண்டும்.

காலை எடுக்காமல் மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கெட்டுள்ளது. அன்று வண்டியை எடுக்கவே கூடாது. பழைய மாதிரிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் வெடித்தால் நான்கும் போய்விடும்.

பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். எமது மலைகளின் பனியும் மழையும் அதற்கு வசதி. ஈரம் சேர்ந்த ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் வெறுமையாகத் தரைக்குப் போகும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். அவசரத்துக்கும் எஞ்சின் ஒயிலை அதனுள் ஊற்ற வேண்டாம். ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். எக்ஸல் ஒயில் கசிந்து ஊறிய ஷூவைப் பெற்றோலில் கழுவிப் பூட்டுவதும் தவறு. கசிவை நிறுத்தி, ஷூவை மாற்றுங்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கைப்பிரேக்கை நம்பி ஜக் அடிக்காதீர்கள்

இது எமது சொந்த அனுபவம். சில வருடங்களுக்கு முன், சற்றுச் சரிவான ஓர் இடத்தில் எமது வண்டியின் பின் சக்கரம் காற்றுப் போயிற்று. கைப்பிரேக்கை இறுக்கிவிட்டு ஜக் அடித்தோம். சக்கரம் மண்ணைவிட்டு எழும்பியதும் வண்டி நகரத் தொடங்கியது. ஜக் சாய்ந்தது. பக்கத்தில் குந்தியிருந்து நட்டுகளைப் பொறுக்கிய பையனை யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததால், அவனது கால் தப்பியது. வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் அமைப்பை அறியாத எமது தவறுதான் அது.

மற்ற வாகனங்களில் கைப்பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களையே பிடிக்கும். பழைய லேண்ட் ரோவரில் அது கியர் பெட்டிக்குப் பின்னால், பின் எக்ஸலுக்குச் செல்லும் தண்டைப் பிடிக்கிறது. பின் சக்கரங்களில் ஒன்றை உயர்த்தியதும் அது ஒரு பக்கம் சுழல, தரையில் உள்ள மற்றது எதிர்ப்பக்கம் உருள இடமுண்டாகிறது. எக்ஸலினுள் இருக்கும் தண்டு முறிந்தாலும் இதே கதிதான். எனவே ஜக் அடிக்குமுன் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ மரக்கட்டையோ வையுங்கள். அதற்கென இரண்டு மரக்கட்டைகள் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

மஞ்சளும் சிவப்பும்

கியருக்குப் பக்கத்தில் உள்ள மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்பு லீவரைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து இழுவை கூடும். அப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும். சிவப்பு லீவரை வண்டி நின்ற பின்னரே மாற்ற வேண்டும். பாரத்துடன் செங்குத்தான மண்பாதையில் இறங்கும்போது, தொடங்குமுன்பே இந்தக் குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. பெற்றோலை மிச்சம்பிடிக்க எண்ணி நியூட்ரலில் உருட்டிச் செல்வது உயிரைச் செலவழிப்பதாகும். உலர்ந்த தார் வீதியில் மட்டும் நான்கு சக்கர இழுவையைப் பாவிக்காதீர்கள். வளைவுகளில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுவதால், உள்ளே உள்ள பற்களும் தண்டுகளும் முறுக்குண்டு உடையும்.

துருவும் ஒயிலும்

அலுமினியக் கூடு பளபளப்பாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். செசி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை சேற்றைக் கழுவிவிட்டு, சிறு சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தில் துருவுண்டு. பின் குறுக்குச் சட்டத்தையும் கால் வைக்கும் தட்டையும் முக்கியமாகப் பாருங்கள். வெல்டிங் செய்வதானால் பற்றரி வயரைக் கழற்றுங்கள். குட்டை மாதிரிகளில் பெற்றோல் தாங்கி ஆசனத்துக்கு அடியிலேயே உள்ளது. அதைக் கழற்றி அப்பால் வைக்காமல் அங்கே நெருப்பைக் கொண்டுபோக விடாதீர்கள்.

கியர் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, முன் பின் எக்ஸல்கள், முன் சக்கரங்களின் உருண்டைகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒயில் உண்டு. பக்கத்துத் துளையைத் திறந்தால் ஒயில் அதன் விளிம்புவரை நிற்க வேண்டும். பாலுடன் தேநீர் கலந்த நிறத்தில் ஒயில் இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது, உடனே மாற்றுங்கள். வடித்த கழிவு ஒயிலைப் பீலிக்கரையிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். அது கீழ் லயத்துக்காரரின் குடிநீர், உங்கள் மரக்கறிப் பாத்திக்கும் அதே தண்ணீர்தான். கலனில் அடைத்து வைத்துச் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

எதை முதலில் புதுப்பிப்பது?

பணம் ஒரே தடவையில் கிடைப்பதில்லை. ஆகவே ஒழுங்கு முக்கியம். முதலில் பிரேக், இயலுமானால் இரட்டைக் குழாய்த் தொடருள்ள மாஸ்டர் சிலிண்டருடன். இரண்டாவது, ஸ்டியரிங் மூட்டுகளும் டயர்களும். மூன்றாவது, செசி. நான்காவது, விளக்குகளும் பழைய டைனமோவுக்குப் பதிலாக ஓல்டர்னேற்றரும். மூடுபனியில் இது ஆடம்பரமல்ல. பழைய மாதிரி சிலவற்றில் பற்றரியின் நேர்முனையே செசியுடன் இணைக்கப்பட்டிருக்கும். மாற்றுமுன் அதைக் கவனியுங்கள். எஞ்சின் கடைசியில்தான். எழுபது குதிரைவலு அளவுக்குச் செய்யப்பட்ட பிரேக்கையும் எக்ஸலையும் அப்படியே விட்டு, அதிக வலுவுள்ள எஞ்சினைப் பூட்டுவது ஆபத்து. மாற்றினால் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவும் வேண்டும். இல்லையேல் விபத்து நேரும் நாளில் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவோர், பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பிரேக் ரப்பரைப் பழையதாக வாங்க வேண்டாம்.

ஒரு கொப்பி

பலருக்குச் சொந்தமான வண்டியை ஒருவரும் கவனிப்பதில்லை. எனவே வண்டியினுள் ஒரு கொப்பி இருக்கட்டும். யார் எடுத்தார், எவ்வளவு தூரம், பெடல் எப்படி இருந்தது, ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்கி, அதைப் பெண்களில் ஒருவரது பொறுப்பில் விடுங்கள். "பெடல் சரியில்லை" என்று யாராவது எழுதினால், சரிசெய்யும்வரை வண்டி நிற்க வேண்டும். அன்று சந்தைக்கு மரக்கறி போகாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஒரு விதியில் ஐந்து குடும்பங்களும் உடன்பட வேண்டும்.

டிக்கோயாவில் அந்த இளைஞரும் நாமும் சேர்ந்து நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தோம். பின் சக்கரமொன்றின் ஷூ முழுவதும் ஒயிலில் ஊறியிருந்தது. எஞ்சினுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி இப்போது பிரேக்குக்குச் செலவாகியிருக்கிறது. வண்டி முன்போலவே மெதுவாகத்தான் மேடேறுகிறது. ஆனால் பள்ளத்தில், முதல் மிதியிலேயே நிற்கிறது.