சாலைத் தடுப்பின் முனையும் உயிர் காக்கட்டும்

சாலையோர இரும்புத் தடுப்பு, தடம் மாறும் காரைப் பள்ளத்தில் விழாமல் காக்கிறது. அதே தடுப்பின் முனையில் கார் நேராக மோதினால், தகடு ஈட்டியாகி உள்ளே பாய்ந்துவிடும். இதைத் தவிர்க்க 1960-களில் அமெரிக்காவில் முனையை முறுக்கித் தரையில் புதைத்தார்கள். தகடு குத்துவது நின்றது. ஆனால் அந்தச் சரிவில் ஏறிய கார்கள் கவிழ்ந்தன.

பக்கவாட்டில் கார் மோதும்போது நீண்ட தகடு விறைத்துத் தாங்குகிறது. அதற்கு முனை தரையோடு உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும். நேராக மோதினாலோ அதே முனை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த முரணுக்கு 1970-களில் வந்த விடை எளிமையானது. முதல் மரத்தூணில் தரையை ஒட்டி ஒரு துளை. அதன் வழியே சென்று தகட்டோடு இணையும் எஃகு வடம். பக்கவாட்டு மோதலில் வடம் இழுவிசையைத் தரைக்குக் கடத்தும். நேர்மோதலில் துளையிட்ட இடத்தில் தூண் முறியும், வடம் விடுபடும், தகடு வளைந்து ஒதுங்கும். ஆனால் முனையைத் தடுப்பின் நேர்கோட்டிலிருந்து சாலைக்கு எதிர்ப்புறமாகச் சுமார் 4 அடி விலக்கி வளைத்து அமைக்க வேண்டும் என்பதைப் பல இடங்களில் கைவிட்டார்கள். அங்கே, குறிப்பாகச் சிறிய கார்களில், தகடு மறுபடியும் குத்தியது. வேலையாள் சற்றுப் பிசகினாலும் காக்கும் வடிவமைப்பே நல்ல வடிவமைப்பு.

பிறகு தகட்டை நசுக்கியபடியே மோதல் ஆற்றலை உறிஞ்சும் தலைப்பகுதிகள் வந்தன. நல்லவைதான், விலைதான் அதிகம். கிராமச் சாலைக்கும் மலைப்பாதைக்கும் அவ்வளவு தேவையா?

வேகம் பாதியானால் மோதல் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 10 மடங்கு வேகக்குறைப்பில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் காரை நிறுத்த ஏறத்தாழ 4 மீட்டர் வேண்டும், 50 கி.மீ. என்றால் 1 மீட்டர் போதும். சாலைப் பாதுகாப்புச் சாதனங்களுக்கான அமெரிக்காவின் மாஷ் (MASH) சோதனை விதிகளும் இதனால்தான் தடுப்பு முனைகளுக்கு 50, 70, 100 கி.மீ. என வேகத்துக்கு ஏற்ற மூன்று நிலைகளை வகுத்துள்ளன.

ஆகவே மெதுவான சாலைக்குக் குட்டையான, எளிய முனை போதும். அருகே மண்மேடு இருந்தால் முனையை அதற்குள் கொண்டுபோய்ப் புதைக்கலாம். இல்லையேல் மரத்தூணும் வடமும், உள்ளூர்ப் பட்டறையிலேயே மாற்றக்கூடிய உதிரிகளுமாக அமைக்கலாம். எதுவானாலும் அந்த வேகத்தில் மோதிப் பார்த்துச் சோதித்திருக்க வேண்டும். மலிவு என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

சாலைத் துறைப் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தடுப்புக்கான ஒப்பந்தப்புள்ளியில் முனைக்கெனத் தனியாக ஒரு வரி சேருங்கள், வேலை முடிந்ததும் அந்த முனையை நேரில் போய்ப் பாருங்கள்.