சிங்கப்பூரின் நள்ளிரவுப் பேருந்துகள் ஏன் நின்றன? ஆயர் ஈத்தாமில் இருப்பவருக்கு அதனால் என்ன?

ஆயர் ஈத்தாமிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அண்ணனோ அக்காவோ உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "அங்கே கடைசி ரயில் எத்தனை மணிக்கு?" யோசிக்காமல் பதில் வரும். நள்ளிரவை ஒட்டி எம்ஆர்டி ரயில்கள் நின்றுவிடும். அதற்குப் பிறகு காலை ஐந்தரை மணி வாக்கில்தான் முதல் ரயில். தண்டவாளத்தைப் பழுது பார்க்க அவர்களுக்குக் கிடைப்பதும் அந்த இடைவெளி மட்டும்தான். அந்த நேரத்துக்கென்று ஒரு காலத்தில் தனிப் பேருந்துகள் ஓடின. இப்போது இல்லை.

என்ன பேருந்துகள் அவை?

இரண்டு நிறுவனங்கள் அவற்றை ஓட்டின. எஸ்எம்ஆர்டி ஓட்டியது 'நைட் ரைடர்'. எஸ்பிஎஸ் டிரான்சிட் ஓட்டியது 'நைட் அவுல்', அதாவது ராத்திரி ஆந்தை. (பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.) நகர மையத்தில் ஏறினால் தூரத்துக் குடியிருப்புப் பேட்டைகள் வரை கொண்டுபோய் விடும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்: கடைசிக் காலத்தில் 4 வெள்ளி 50 காசு. பகல் பேருந்தைவிட இது அதிகம், டாக்சியைவிட மிகக் குறைவு.

ஒன்றை மட்டும் கவனியுங்க. இவை வெள்ளி, சனி இரவுகளிலும், பொது விடுமுறைக்கு முந்தின இரவுகளிலும்தான் ஓடின. திங்கள் முதல் வியாழன் வரை கிடையாது. இந்த விவரத்துக்குப் பிறகு வருவோம்.

2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடுகள் வந்தபோது இரண்டு சேவைகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் 2022 ஜூன் 30 அன்று, இவை இனி திரும்பி வராது என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் ஜொகூர் கடற்பாலம் தடுப்பூசி போட்டவர்களுக்கு முழுமையாகத் திறந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து எல்லை திறந்து, ஆட்கள் திரும்பிப் போன மூன்றாவது மாதத்தில் ராத்திரி பஸ் அதிகாரபூர்வமாக முடிந்துபோனது.

கொவிட் மட்டும்தான் காரணமா?

இல்லை. கொவிட்டுக்கு முன்பே பயணிகள் குறைந்து வந்தார்கள். காரணம் உங்கள் கையில் இருக்கும் போன்தான். கிராப் நிறுவனம் 2012இல் மலேசியாவில் 'மைடெக்சி' என்ற பெயரில் தொடங்கியது, அடுத்த வருஷமே சிங்கப்பூர் போனது. ஊபரும் 2013இல் அங்கே வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க. நான்கு நண்பர்கள் படம் பார்த்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு வீடு திரும்புகிறார்கள். பேருந்துக்கு நான்கு பேருக்கும் சேர்த்து 18 வெள்ளி. அதோடு இன்னும் சில வெள்ளி போட்டால் கார் வீட்டு வாசலுக்கே வந்துவிடும், நிறுத்தத்தில் நிற்க வேண்டாம், நடக்க வேண்டாம். யார் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்?

இப்போது அதே பேட்டைக்குத் தனியாகப் போகிறவரை யோசியுங்க. அவருக்குப் பேருந்து 4 வெள்ளி 50 காசு. கார் என்றால் முழுக் கட்டணமும் அவர் தலையில். டாக்சியாக இருந்தால் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாகச் சேரும்: 20 வெள்ளி காட்டினால் 30 கொடுக்க வேண்டும். செயலி வழி அழைக்கும் காரில் தேவை கூடும்போது விலையும் ஏறும்.

ஆக, கூட்டமாகப் போனவர்கள் காருக்கு மாறினார்கள். பஸ் உண்மையாகத் தேவைப்பட்டவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள், அவர்களை மட்டும் வைத்து ஒரு பேருந்தை நிரப்ப முடியாது. பயணிகள் குறைந்தால் பஸ்ஸும் குறையும், காத்திருக்கும் நேரம் கூடும், அதனால் இன்னும் சிலர் விலகுவார்கள்.

செலவுப் பக்கமும் இருக்கிறது. ராத்திரியில் எல்லாரும் ஒரே திசையில், நகரத்திலிருந்து வெளியே, போகிறார்கள். திரும்பி வரும் வண்டி ஏறக்குறைய காலிதான். ஓட்டுநரும் வேண்டும். சிங்கப்பூர் பேருந்து ஓட்டுநர்களில் கணிசமானோர் மலேசியர்கள், ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டுபவர்களும் அதில் உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, அவர்களை அங்கேயே தங்கவைக்க நிறுவனங்கள் அவசரமாக இடம் தேட வேண்டியிருந்தது.

அது யாருக்கான பஸ்?

வாரக் கடைசியில் மட்டும் ஓடிய பஸ் வெளியே சுற்றிவிட்டு வருபவர்களை மனதில் வைத்துத்தான் திட்டமிடப்பட்டது. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவருக்குச் செவ்வாய்க்கிழமையும் வேலை உண்டு. மருத்துவமனைத் துப்புரவாளர், பாதுகாவலர், விமான நிலைய ஊழியர் எல்லாருக்கும் அப்படித்தான். அவர்களுக்கு வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் பேருந்து முதலிலிருந்தே இல்லை. என் பார்வையில், 2022இல் நின்றதைவிட இதுதான் பெரிய விஷயம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். லண்டனில் இரவுப் பேருந்துகள் வாரத்தின் ஏழு நாளும் ஓடுகின்றன, கட்டணமும் பகலில் உள்ளதுதான். விடிவதற்கு முன் அவற்றில் போகும் துப்புரவுத் தொழிலாளர்களும் தாதியரும் அந்த நகரத்துக்குப் பழக்கமான காட்சி. நம் நாட்டிலேயே தைப்பூசத்துக்கு பத்துமலை வரை கேடிஎம் கொமுட்டர் ரயில்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஆட்கள் நிச்சயம் வருவார்கள் என்று தெரிந்தால் ஓட்ட முடிகிறது.

ஜொகூரில் உண்மையான ராத்திரி பஸ் எது தெரியுமா? பேக்டரி பஸ். 'பாஸ் கிலாங்' என்று எழுதி, ஷிஃப்ட் ஆட்களை வீட்டருகே ஏற்றி இறக்கும் அதே வண்டி. அதன் செலவை ஏற்பது முதலாளி. பேருந்து இல்லாத நேரத்தில் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால், போக்குவரத்தும் அவர் பொறுப்பு என்ற ஏற்பாடு அது. சின்ன உணவகங்களுக்கும் கடைகளுக்கும் அந்த வசதி கிடையாது.

சரி, ஆயர் ஈத்தாமுக்கு வருவோம்

1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கும் முன், கோலாலம்பூர்-சிங்கப்பூர் வாகனங்கள் முதலாம் எண் கூட்டரசு சாலையில் இந்த ஊர் வழியாகத்தான் போயின. பீங்கான் சாமான் கடைகள் சாலையோரம் வளர்ந்ததும் அதனால்தான். இப்போது விரைவுப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் பறக்கின்றன. ஜொகூர் பாருவுக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். சிங்கப்பூரில் வேலை முடிந்து ஊர் திரும்புபவர் முதலில் உட்லண்ட்ஸ் போய், எல்லை தாண்டி, லார்க்கின் முனையம் வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். சோதனைச்சாவடி 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஆனால் அதுவரை போய்ச் சேர வண்டி வேண்டுமே! ஒரு இணைப்பு தவறினாலும் விடியும் வரை காத்திருப்பு, இல்லாவிட்டால் அப்பா காரை எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் வந்தால் கடற்பாலத்தைத் தாண்ட ஐந்து நிமிஷம்தான். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம். நல்ல செய்திதான். ஆனால் அதன் நேரமும் காலை 6 முதல் நள்ளிரவு வரை என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

அதனால் அங்கே வேலைக்கு நேர்காணல் போகிறீர்கள் என்றால், சம்பளத்தோடு சேர்த்து இன்னும் மூன்று கேளுங்க. ஷிஃப்ட் சரியாக எத்தனை மணிக்கு முடியும்? நள்ளிரவு தாண்டினால் வண்டி உண்டா? இல்லையென்றால் டாக்சிக் காசு யார் கொடுப்பது? மாதத்தில் பத்து இரவு, தலா 25 வெள்ளி என்று வைத்தாலே 250 வெள்ளி போய்விடும். சம்பளத்தில் அதைக் கழித்துவிட்டு, பிறகு ரிங்கிட்டுக்கு மாற்றிப் பாருங்க.