லயத்தில் இருக்கும் ஆங்கிலம்

ஆங்கிலம் படிக்கும் போர்த்துக்கேயர் ஒருவருக்கு இன்ஃபர்மேஷன், டிசிஷன் போன்ற கனமான சொற்கள் பாதி தெரிந்தவை. லத்தீனிலிருந்து இரண்டு மொழிகளுக்கும் வந்த சொத்து அது. அவர் தடுமாறுவது சின்னச் சொற்களில்தான். 'கிவ்' தெரியும், 'அப்' தெரியும். இரண்டும் சேர்ந்தால் கைவிடுவது என்று ஆகும் என்பதை ஊகிக்க அவருக்கு வழியில்லை. அடைமழையை அவர் மொழியில் குடம் குடமாகப் பெய்கிறது என்பார்கள். ஆங்கிலத்திலோ பூனையும் நாயுமாகப் பெய்கிறது.

இலங்கையில் பதுளைக்கு அருகே, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் கையிருப்பு வேறு. தொழிலாளர் வரிசை வீடான லயம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு, வரவுப் பதிவேடான செக்ரோல், டீமேக்கர், கண்டக்டர், ஸ்டோர் எல்லாம் துரைமாரின் ஆங்கிலம் தோட்டத் தமிழில் விட்டுச் சென்றவை. 1924இல் பதுளை வரை வந்த ரயில் சிக்னலையும் பிளாட்பாரத்தையும் கொண்டுவந்தது. சொற்களைவிடப் பெரிய சொத்து ஒன்றும் உண்டு. 'விட்டுக்கொடு' என்னும்போது விடுவதும் கொடுப்பதும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருள் பிறப்பதைத் தமிழ்ப் பிள்ளை பேசப் பழகும்போதே அறிந்துகொள்கிறது. 'கைவிடு', 'பார்த்துக்கொள்' எல்லாம் அப்படித்தான். 'கிவ் அப்', 'லுக் ஆஃப்டர்' ஆகியவற்றை இவற்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், அந்தப் பிள்ளைக்கு அவை விளங்கிவிடும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் ஆசிரியர் தொட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தோட்டத்துச் சொற்கள் உருமாறியவை, அவற்றை நம்பினால் பிழையான ஆங்கிலம்தான் வரும் என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை, கண்டக்டர் என்றால் மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். எல்ல நகரில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிக்கு இரண்டும் வேறு. ஆனால் போர்த்துக்கேயருக்கும் இதே பொறி உண்டு. அவர் மொழியில் 'புஷார்' என்றால் இழுப்பது. ஆங்கிலக் கதவில் 'புஷ்' என்று எழுதியிருந்தால் தள்ள வேண்டும். அதற்காக அவரை இன்ஃபர்மேஷனையும் மறந்துவிடச் சொல்வோமா? ஏமாற்றும் சொற்களைத் தனியே எடுத்துக் காட்டி, மற்றவற்றை ஆளவிடுவதே முறை. பரீட்சைக்கு இது உதவாது என்ற வாதமும் எழும். பழகிய சொல்லில் தொடங்கும் பிள்ளை வாய் திறந்து பேசும். பேசத் துணிந்த பிள்ளைக்கு எழுதுவது அத்தனை பாரமில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. போர்த்துக்கேயருக்கு இலவசமாகக் கிடைக்கும் கனமான சொற்கள் நம் பிள்ளைக்குக் கிடைக்காது. 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். அங்கே தேவைப்படுபவை அந்தச் சொற்களே. தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தை அவற்றுக்காகச் சேமிக்க வேண்டும். வீட்டிலேயே இருப்பதைத் திரும்ப மனப்பாடம் செய்ய வைத்து அந்த நேரத்தைச் செலவழித்துவிடக் கூடாது.