பழைய சிலுவாரில் ஒரு புதிய போர்வை

முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் சிலுவாரை நாம் என்ன செய்கிறோம்? சில நாள் வேலைக்கு உடுத்துகிறோம். பிறகு தரை துடைக்கும் துணியாக்குகிறோம். முடிவில் குப்பையில் எறிந்துவிடுகிறோம். எறியும் முன் அதை ஒருமுறை விரித்துப் பாருங்கள். தேய்ந்திருப்பவை முழங்காலும் இருக்கைப் பகுதியுமே. கெண்டைக்காலை மூடும் துணி பெரும்பாலும் உறுதி குறையாமல் இருக்கும். அந்த நல்ல துணியைச் சதுரங்களாக வெட்டி, நெடுநாள் உழைக்கும் ஒட்டுப் போர்வை தைக்கலாம்.

உழைப்பாளர்கள் கண்ட வழி

வேலை உடுப்பைப் போர்வையாக்கும் பழக்கம் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த ஒன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றில் அமைந்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். அங்கு வாழ்வோரிற் பலர், பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். அவ்வூர்ப் பெண்கள் வயல் வேலையில் நைந்த சிலுவார்களையும் சட்டைகளையும் வெட்டி இணைத்துப் போர்வைகள் தைத்தனர். மிசூரி பெட்வே என்ற பெண்மணி, மறைந்த தம் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு 1942ஆம் ஆண்டில் தைத்த போர்வை பெரும்புகழ் பெற்றது. 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் கூட்டுறவு ஒன்றை அமைத்துத் தங்கள் கைவேலையை விற்கத் தொடங்கினர். 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க் நகரின் விட்னி அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. குளிருக்கு அஞ்சித் தைத்தவை கலைப்பொருள்களாகப் போற்றப்பட்டன.

பிசிறே அழகு

அப்பெண்களின் போர்வைகளில் தையல் ஓரம் உள்ளே மறைந்திருக்கும். நாம் இங்கே விளக்கும் முறையோ இன்னும் எளிது. இதில் தையல் ஓரத்தை வெளிப்புறமாகவே விட்டுவிடுகிறோம். துவைக்கத் துவைக்க அது பிசிறாகி, பூப்போல விரியும். ஓரம் மடிக்கும் நுணுக்கம் தெரியாதவர்களும் தைக்கலாம்.

இதற்கு டெனிம் துணி மிகவும் ஏற்றது. அதன் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. பாவின் போக்கில் வெட்டிய ஓரத்தில் நீல நூல் உதிர்ந்து வெள்ளைப் பிசிறு நிற்கும். குறுக்கே வெட்டிய ஓரத்தில் நீலப் பிசிறு நிற்கும். இதனால் ஒரே சிலுவாரிலிருந்தே இருநிற அழகு கிடைக்கிறது.

அளவும் பொருளும்

1. டெனிமில் 8 அங்குலச் சதுரங்கள் வெட்டுக. அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டால் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவாக அமையும்.

2. அதே அளவில், அதே எண்ணிக்கையில் அடித்துணி வெட்டுக. பழைய பருத்திக் கைலி இதற்குப் போதும். நமது வெப்பத்திற்கு இடையில் பஞ்சு வேண்டியதில்லை.

3. முதல் முயற்சிக்கு 30 சதுரங்கள் போதும். வரிசைக்கு 5 வீதம் 6 வரிசை அமைத்தால், 36 அங்குல அகலமும் 43 அங்குல நீளமும் கிடைக்கும். பெரியவர் போர்த்த 80 சதுரங்கள் வேண்டும். வரிசைக்கு 8 வீதம் 10 வரிசை அமைத்தால் 57 அங்குல அகலமும் 71 அங்குல நீளமும் வரும்.

தைக்கும் முறை

முதலில், டெனிமின் நல்ல பக்கம் வெளியே தெரியுமாறு அடித்துணியின் மேல் வைத்து, மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் தைத்து இரண்டையும் பிணைக்க வேண்டும். பின்னர் இரு சதுரங்களை அடித்துணியும் அடித்துணியும் சேரும்படி வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். அப்போது ஓரம் டெனிம் பக்கத்தில் எழுந்து நிற்கும். இவ்வாறே ஒரு வரிசையை முடித்து, வரிசைகளையும் இணைக்க வேண்டும். வரிசைகள் சந்திக்கும் மூலைகளில் ஓரங்களை இருபுறமும் விரித்து வைத்து ஊசி குத்திக்கொள்க. இறுதியில் போர்வையைச் சுற்றிலும் அரை அங்குலம் உள்ளே ஒரு தையல் போட வேண்டும்.

தையல் இயந்திரத்தில் 16ஆம் எண் ஊசியைப் பொருத்துக. மூலைகளில் எட்டு மடிப்புத் துணி சேர்வதால், அங்கே காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினால் ஊசி முறியாது. பைகளின் மூலையில் உள்ள செப்பு ஆணிகளையும் ஒதுக்கிவிடுக. துணி கிழியாதிருக்க அவ்வாணிகளைப் பொருத்தும் முறைக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். சிலுவாரைக் காக்கும் அதே ஆணி ஊசிக்குப் பகையாகும்.

தைத்து முடிந்ததும் எழுந்து நிற்கும் ஓரங்களை அரை அங்குலத்திற்கு ஒரு வெட்டாக, தையலைத் தொடாமல் கத்தரிக்க வேண்டும். தையல் அறுந்தால் அவ்விடத்தில் உடனே மறுபடியும் தைத்துவிடுக. பின்னர் துவைத்து உதறிக் காயவைக்க வேண்டும். முதற்சில துவைப்புகளில் நூற்பிசிறு மிகுதியாக உதிரும். அது வடிகாலை அடைத்துவிடாதபடி பார்த்துக்கொள்க. நீலச்சாயம் கசியலாம், ஆகவே வெள்ளைத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி தெளிக்கும்போது உடுத்திய உடுப்பைப் போர்வைக்குப் பயன்படுத்தவே கூடாது. பலமுறை துவைத்தாலும் நஞ்சு நூலில் தங்கியிருக்கக்கூடும். இரவு முழுவதும் உடலோடு ஒட்டிக் கிடக்கும் துணியில் அத்தகைய ஐயத்திற்கு இடந்தரலாகாது. மரப்பால் உறைந்த பகுதியையும் வெட்டி நீக்குக. அது ஊசியில் ஒட்டித் தையலைக் கெடுக்கும்.

டெனிம் போர்வை கனமானது. பிசிறு நூல்களும் உண்டு. எனவே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் இதனை வைத்தல் ஆகாது. வளர்ந்த பிள்ளைகள் அமர்ந்து படிக்கவும், மழைக்கால இரவில் முதியோர் கால்களை மூடிக்கொள்ளவும் இது நன்கு பயன்படும்.

சிலுவார்கள் ஒரே நாளில் சேரா. கிழிந்த ஒவ்வொன்றிலிருந்தும் நல்ல சதுரங்களை வெட்டி ஒரு பையில் போட்டு வையுங்கள். முப்பது சேர்ந்ததும் தையலைத் தொடங்கலாம். தந்தையின் சிலுவாரும் மகனின் சிலுவாரும் அருகருகே அமைந்த அப்போர்வை, கடையில் எவ்விலை கொடுத்தும் கிடைக்காத ஒன்றாகும்.