மஞ்சள் தெளிந்த பிறகும்

திருப்பூரில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால், பக்கத்து மிஷினில் தைப்பவரே வைத்தியம் சொல்லிவிடுவார்: கீழாநெல்லியை அரைத்து மோரில் குடி, எண்ணெய்ப் பலகாரம் தொடாதே. சில வாரங்களில் மஞ்சள் தெளிந்தும் விடும். கெட்ட தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிவது. பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு. ஆனால் கர்ப்பிணிகளுக்கு இ வகை உயிருக்கே ஆபத்து. அங்கே வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

ரத்தத்தால் பரவும் பி, சி வகைகளின் சங்கதி வேறு. மஞ்சளே காட்டாமல் இருபது, முப்பது வருடம் ஈரலில் குடியிருந்து, அதைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடும். தாயிடமிருந்து பிள்ளைக்கும் பி வைரஸ் போகும்.

பி வைரஸுக்குக் கீழாநெல்லி கேட்குமா என்று சோதித்ததும் நம் சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டது. மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாட்டி சொன்னதை அப்படியே நம்பாமலும் ஒதுக்காமலும் சோதித்தார்களே, அதில் எனக்குப் பெருமைதான்.

இன்று பி-க்கு டெனோஃபோவிர் இருக்கிறது. வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது, சரியான கண்ணி என்று நினைத்து இந்த மருந்தைக் கோத்துக்கொள்ளும். அடுத்த கண்ணி சேராது. ஓவர்லாக்கில் நூல் கட்டானது போல வேலை அங்கேயே நிற்கும். ஆனால் செல்லின் கருவுக்குள் மூலப்பிரதி ஒளிந்திருக்கும். அதனால் தினம் ஒரு மாத்திரை, வருடக்கணக்கில். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் வைரஸ் வெறியோடு திரும்பும். சி வகை அப்படியல்ல. சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் பொதுவாக 12 வாரம். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அடியோடு குணம். 2013-இல் அமெரிக்காவில் ஒரு சோஃபோஸ்புவிர் மாத்திரை 1000 டாலர். இந்தியக் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்ததும் விலை சரிந்தது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஈரல் ஏற்கெனவே சுருங்கிவிட்டவருக்கு? வயிற்றில் நீர் கோத்தால் ஸ்பைரனோலாக்டோன், உணவுக்குழாயின் ரத்தநாளம் புடைத்து வெடிக்காமலிருக்க ப்ரொப்ரனலால். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது லாக்டுலோஸ் என்ற இனிப்பு சிரப்பைப் பற்றி.

குடலில் உண்டாகும் அமோனியாவை நல்ல ஈரல் சுத்தம் செய்துவிடும். சுருங்கிய ஈரலால் முடியாமல் அமோனியா மூளைக்கு ஏறும். முதலில் தூக்கம் தலைகீழாகும்: பகலில் தூங்கி, இரவில் விழித்திருப்பார். நைட் ஷிப்ட் ஊரில் இதை யார் நோய் என்று நினைப்பார்கள்? கையை நீட்டி, மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து, விரலை விரித்து வைக்கச் சொன்னால், பறவை சிறகடிப்பது போல மணிக்கட்டு துடிக்கும். கையெழுத்து கோணும்.

லாக்டுலோஸ் உடம்பில் சேராத சர்க்கரை. பெருங்குடல் பாக்டீரியா அதை அமிலமாக்க, அமோனியா ரத்தத்தில் ஏற முடியாத வடிவுக்கு மாறி மலத்தோடு போய்விடும். நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகலாகப் போவதுதான் சரியான அளவு. வயிற்றுப்போக்கு என்று பயந்தோ, லைனை விட்டு எழ முடியாதென்றோ சிரப்பை நிறுத்தினால் குழப்பம் திரும்பும். ஒழுங்காகக் குடித்துவந்தால், பெரும்பாலோருக்குச் சில நாளிலேயே புத்தி தெளியும்; சனிக்கிழமை சம்பள நோட்டில் கையெழுத்து நேராக விழும்.