பரணில் கிடக்கும் பழைய காஸ் அடுப்பு

புது அடுப்பு வாங்கியதும் பழையதைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். கேட்டால், "இருக்கட்டுமே, எதுக்காவது ஆகும்" என்போம்! 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் தன் முதல் இணைப்பைக் கொடுத்தது. பிறகு ஊர் ஊராகப் பரவிய காஸ் அடுப்புகளில் பல, கனத்த பித்தளை பர்னர் வைத்தவை. அவற்றைப் பளபளப்பாக்குவது நல்ல பொழுதுபோக்கு. இரண்டு மதியங்கள் போதும். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள், சகோதரிகளே.

நீங்களே செய்யக் கூடியவை:

சிலிண்டரோடு இணைக்காத அடுப்பில்தான் கை வைக்க வேண்டும். பித்தளை பர்னர்களைக் கழற்றி, உப்புப் போட்ட புளிக்கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேயுங்கள். ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்தி, நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள்.

பர்னருக்குக் கீழே உள்ள குழாயையும் பாருங்கள். பரணில் கிடந்ததில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். காற்று சரியாகப் போகாவிட்டால் தீ மஞ்சளாக எரியும், பாத்திரம் கரி பிடிக்கும். குழாய் அலுமினியமாக இருந்தால் சலவை சோடா வேண்டாம், அரித்துவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

தொடவே கூடாதவை:

பம்ப் ஸ்டவ்வில் பின் போட்டுக் குத்திய பழக்கம் பலருக்கு இன்னும் போகவில்லை. காஸ் அடுப்பின் ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதானால் காஸ் அதிகமாக வரும், தீயின் அளவே கெட்டுவிடும். குமிழ் இறுகியிருந்தால் "ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்பார்கள். கேட்காதீர்கள்! அதற்கென்று தனி கிரீஸ் உண்டு. இந்த இரண்டும் மெக்கானிக்கின் வேலை. உள்குழாய் துருப்பிடித்து அரித்திருந்தால் யோசிக்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

பற்ற வைக்கும் முன்:

பழைய ரப்பர் குழாயை மாட்டாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதுக் குழாய் வாங்குங்கள். அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மெக்கானிக் ஒருமுறை பார்த்த பிறகு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது உயிரோடு விளையாடுவது!

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். வாசனை வந்தால் மின்சார சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். திருச்சி பாலக்கரை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நம் வீட்டுக் கசிவு பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து.

எல்லாம் சரியாக இருந்து, தீ நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தால், முதலில் பாலைக் காய்ச்சுங்கள். விசேஷ நாட்களில் கூட்டம் கூடும்போது இரண்டாவது அடுப்பு எத்தனை சௌகரியம் என்று உங்களுக்கே தெரியும்!