மட்டாஞ்சேரி யூதத் தெரு: அன்றும் இன்றும்

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி போய் மேற்கே திரும்பினால், தேனி, போடி, மூணாறு தாண்டி அந்த நெடுஞ்சாலை கொச்சியில் போய் முடியும். நம் மேற்கு மலையின் ஏலமும் மிளகும் கப்பலேறிய துறைமுகம் அது. அந்த வாணிபத்தோடு வந்து வேரூன்றியவர்கள் யூதர்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் எழுதிக்கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது.

1568-இல் கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி, கொச்சி ராஜாவின் கோயிலுக்குப் பக்கத்திலேயே பரதேசி யூதர்களின், அதாவது வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின், ஜெப ஆலயம் எழுந்தது. 1662-இல் போர்ச்சுகீசியர் அதைச் சிதைத்தார்கள். டச்சுக்காரர் வந்தபின் மீண்டும் கட்டினார்கள். 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டில் ஒரு முகத்துக்கு எபிரேய எண், இன்னொன்றுக்கு ரோமன், மற்றொன்றுக்கு மலையாளம். தரையில் சீனத்தில் கையால் தீட்டிய நீல வெள்ளை ஓடுகள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் கால் வைக்க வேண்டும்.

அந்த அழகுத் தரைக்கும் ஒரு குறை இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குப் பெஞ்சில் இடமில்லை, மறைநூலான தோராவை வாசிக்கும் உரிமையும் இல்லை. அந்த வழியில் பிறந்த வக்கீல் ஏ. பி. சாலேம், காந்தி வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார். 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்ற, அதுவரை நுழைவு மறுக்கப்பட்டிருந்தவர்களை மதுரை மறக்காது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் கொச்சி ஆலயத்திலும் தடைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. யூத காந்தி என்று அழைக்கப்பட்ட சாலேமின் பெயர் இன்று அங்கே ஒரு தெருவுக்கு இருக்கிறது.

ஆனால் உரிமை கிடைத்த கையோடு ஊரே காலியானது. இஸ்ரேல் பிறந்தபின், 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். யாரும் விரட்டவில்லை, வேண்டுதலும் விருப்பமும்தான் காரணம். 1968-இல் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலையும் வந்தது. கூட்டுத் தொழுகைக்குத் தேவையான பத்து ஆண்கள்தான் வரவரக் கிடைக்காமல் போனார்கள். யூதத் தெருவில் எம்பிராய்டரிக் கடை நடத்திய சாரா கோஹன் 2019-இல் 96 வயதில் காலமானார். இன்று அந்தத் தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள், மசாலா வாசனை, சுற்றுலாக் கூட்டம்.

பக்கத்திலுள்ள கடவும்பாகம் ஆலயத்தின் உட்புற மரவேலை எருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மிஞ்சிய கட்டடத்தின் முன்சுவர் 2019 மழையில் சரிந்தது. அதைக் கண்ணெதிரே விழவிட்டது நம் தவறு.

கொச்சி போகிறவர்கள், ஆலயம் மூடியிருக்கும் வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் தவிர்த்துப் போங்கள். பரதேசி ஆலயத்தோடு திரும்பிவிடாமல், கடவும்பாகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.